ஃபோர்ட் டாரஸ்: அமெரிக்காவோட நம்பர் 1 கார் ஏன் கவனிக்க ஆளில்லாம போச்சு?

வணக்கம் மக்களே. ஒரு போல்ட்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

[திரையில: ஓடிக்கிட்டு இருக்கற அசெம்ப்ளி லைன், கருப்பு வெள்ளை]

கார் ஃபேக்டரில அசெம்ப்ளி லைன்ல நிக்கறவருக்கு வேலைய நிதானமா செய்ய நேரம் இருக்காது, வண்டி நகந்துக்கிட்டே இருக்கும், அது தாண்டிப் போறதுக்குள்ள அவர் பங்கு வேலைய முடிச்சாகணும். அந்த அவசரத்துல இந்த போல்ட்டுக்கு ஒரு சைஸ், அடுத்த போல்ட்டுக்கு வேற சைஸ்னு டூல மாத்தி மாத்தி எடுக்கணும்னா எவ்ளோ கடுப்பா இருக்கும்? வருஷக்கணக்கா அப்டித்தான் இருந்துச்சு, அத பத்தி அவர்கிட்ட யாரும் கேட்டதே இல்ல. 1980கள் ஆரம்பத்துல ஃபோர்ட் கம்பெனில ஒரு டீம் நேரா ஃபேக்டரிக்குப் போயி, புதுசா ஒரு கார் பண்றோம், உங்களுக்கு என்ன மாத்தணும்னு கேட்டாங்க. வந்த பதில்ல ஒண்ணு, போல்ட் தலையெல்லாம் ஒரே சைஸா இருந்தா நல்லாருக்கும்ங்கறது. அதை செஞ்சும் குடுத்தாங்க.

அந்த கார்தான் ஃபோர்ட் டாரஸ். அமெரிக்காவுல 1992ல இருந்து 1996 வரைக்கும் அஞ்சு வருஷம் அதிகமா வித்த கார். இன்னைக்கு அமெரிக்காவுல எந்த ஃபோர்ட் ஷோரூமுக்குப் போனாலும் புது டாரஸ் கிடையாது, டாரஸ் மட்டும் இல்ல, ஃபேமிலி செடான்னு, அதாவது பின்னாடி டிக்கி தனியா நீட்டிக்கிட்டு இருக்கற குடும்ப கார்னு, ஒண்ணே கிடையாது. இந்த கதைய நிறைய பேரு "எஸ்யூவி வந்துச்சு, செடான் செத்துச்சு"ன்னு ஒரே வரில முடிச்சிர்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஃபோர்ட் அப்ப எந்த நிலைமைல இருந்துச்சுன்னு பாத்துரலாம். 1979ல ஈரான் புரட்சி, பெட்ரோல் விலை எகிறுது, அமெரிக்காக்காரங்க டொயோட்டா, ஹோண்டா, டாட்சன்னு ஜப்பான் கார் பக்கம் சாயறாங்க, அது பெட்ரோலும் கம்மியா குடிக்குது, ரிப்பேரும் கம்மி. ஃபோர்ட் 1980, 81, 82ன்னு மூணே வருஷத்துல 300 கோடி டாலருக்கு மேல நஷ்டம் பாத்துச்சு. பல ஃபேக்டரிய மூடுனாங்க, ஆயிரக்கணக்குல வேலை போச்சு. போதாக்குறைக்கு 1982ல ஹோண்டாக்காரன் ஓஹாயோ மாநிலம் மேரிஸ்வில்ல ஃபேக்டரி போட்டு அவன் அக்கார்ட் காரை அங்கயே செய்ய ஆரம்பிச்சுட்டான். அந்த நேரத்துல ஃபோர்ட் இந்த ஒரு கார் மேல சுமார் 300 கோடி டாலர் போட்டாங்க. ஓடலன்னா கம்பெனியே கஷ்டம்தான்.

பொறுப்பு லூ வெரால்டின்னு ஒரு இன்ஜினியர்கிட்ட வந்துச்சு, ஐரோப்பாவுல ஃபியஸ்டா காரை கொண்டு வந்தவரு. அதுவரைக்கும் அமெரிக்க கார் கம்பெனிங்களோட ஊரான டெட்ராய்ட்ல கார் எப்டி பிறக்கும்னா, டிசைனர் படம் போடுவாரு, இன்ஜினியர்கிட்ட குடுத்துட்டு கைய கழுவிருவாரு, இன்ஜினியர் ஃபேக்டரிக்கு தள்ளி விட்டுட்டு கைய கழுவிருவாரு, ஃபேக்டரில கதவு சரியா மூடலன்னா அது ஃபேக்டரிக்காரன் தலையெழுத்து. வெரால்டி டிசைனர், இன்ஜினியர், ஃபேக்டரி ஆளு, பர்ச்சேஸ், சேல்ஸ், சர்வீஸ் எல்லாரையும் முதல் நாள்ல இருந்தே ஒரே டீமா உக்கார வச்சாரு. டீம் டாரஸ்னு பேரு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரங்கள கூப்ட்டு, இடிச்சா ரிப்பேர் செலவு கம்மியா ஆகணும்னா எப்டி செய்யணும்னு கேட்டாங்க. மெக்கானிக்குகள்கிட்டயும் போய் கேட்டாங்க.

அப்பறம் உலகத்துல நல்லா இருக்கற கார் ஒரு அம்பது வாங்கிட்டு வந்து பிரிச்சு மேஞ்சாங்க. எதுல எது சிறப்புன்னு 400 விஷயத்துக்கு லிஸ்ட். ஆக்ஸிலரேட்டர் பெடல மிதிக்கற சுகம் ஆடி 5000ல நல்லாருக்கு, ஃபியூயல் கேஜ் டொயோட்டா சூப்ராவுல துல்லியமா இருக்கு, ஸ்டெப்னியும் ஜாக்கியும் வைக்கற இடம் பி.எம்.டபிள்யூல கச்சிதமா இருக்கு, இப்டி. பெட்ரோல் முள் சரியா காட்டுதான்னு பாக்க ஒரு ஆளு உக்காந்து பத்து கம்பெனி வண்டிய ஒப்பிட்டுருக்காருன்னா அந்த அக்கறைய நெனச்சு பாருங்க, எனக்கு இந்த கதைல ரொம்ப புடிச்ச இடமே இதுதான்.

[திரையில: 1986 டாரஸ், முன்பக்கம்]

இப்ப வண்டிய பாருங்க. முன்னாடி கிரில் எங்க? இல்ல. கம்பி கம்பியா இருக்க வேண்டிய எடத்துல மழமழன்னு ஒரு பேனல், நடுவுல ஃபோர்டோட நீல ஓவல் லோகோ மட்டும். அந்த காலத்து அமெரிக்க செடான் எல்லாம் ட்ரங்க் பெட்டி மாதிரி சதுரமா இருந்துச்சு, ரோட்ல அதுங்களுக்கு நடுவுல இது சோப்பு கட்டி கரைஞ்ச மாதிரி வழவழன்னு வந்து நின்னப்ப ஜனங்க திரும்பி பாத்தாங்க. ஜாக் டெல்நாக் தலைமைல வந்த டிசைன். போட்டி கம்பெனிக்காரங்க உருளைக்கிழங்குன்னு கிண்டல் பண்ணாங்க, ஜெல்லி மிட்டாய்னும் சொன்னாங்க. ஆனா அந்த உருண்டை அழகுக்காக மட்டும் வந்ததில்ல, காத்தை கிழிச்சுக்கிட்டு போகணும், பெட்ரோல் மிச்சமாகணும். காத்து எதிர்ப்ப சொல்ற டிராக் கணக்கு, கம்மியா இருந்தா நல்லது, இதுக்கு 0.33, அன்னைக்கு ஒரு குடும்ப காருக்கு அது பெரிய விஷயம்.

உள்ள உக்காந்தா இன்னும் நல்லாருக்கும். ஸ்விட்ச் ஒவ்வொண்ணும் வேற வேற வடிவத்துல இருக்கும், ராத்திரில ரோட்ல இருந்து கண்ண எடுக்காம கைய வச்சு தடவியே எது எதுன்னு கண்டுபிடிக்கலாம். டிக்கில மளிகை பை உருண்டு கொட்டாம இருக்க ஒரு வலை. பானெட்ட தொறந்தா, ஓனரே பாத்துக்கக்கூடிய ஆயில் டிப்ஸ்டிக் மாதிரி ஐட்டம் எல்லாம் மஞ்சள் கலர்ல இருக்கும், கார் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க கூட மஞ்சளா இருக்கறத தொடலாம்னு புரிஞ்சுக்கலாம். பின்சீட்டுல உக்காரறவங்க காலுக்கும் ஹீட்டர் காத்து போகும், மிச்சிகன் குளிர்ல பின்னாடி குழந்தைங்க உக்காந்திருந்தா அது எவ்ளோ பெரிய விஷயம்னு அங்க ஒரு ஜனவரி இருந்தவங்களுக்கு தெரியும்.

1985 டிசம்பர் 26ல விற்பனைக்கு வந்துச்சு. ஒரு பக்கம் அட்லாண்டா பக்கத்துல ஹேப்வில் ஃபேக்டரி, இன்னொரு பக்கம் சிகாகோ ஃபேக்டரி. முதல் முழு வருஷமே 2 லட்சத்துக்கு மேல வித்துச்சு, 1989க்குள்ள 10 லட்சம் தாண்டிருச்சு. 1986ல ஃபோர்டோட லாபம் ஜெனரல் மோட்டார்ஸோட லாபத்தை தாண்டுச்சு, 1924க்கு அப்பறம் முதல் தடவ. 1989ல யமஹா செஞ்சு குடுத்த வி6 இன்ஜின், 220 குதிரைசக்தி, மேனுவல் கியரோட எஸ்.ஹெச்.ஓன்னு ஒரு மாடல் விட்டாங்க, வெளிய பாத்தா சாதாரண குடும்ப கார், மிதிச்சா பறக்கும்.

குறை இல்லாம இல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சீக்கிரம் போயிரும்னு கெட்ட பேரு வாங்குச்சு, 3.8 லிட்டர் இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட்டுங்கற உள் சீல் போகும். அதையும் சொல்லணும், ஏன்னா டொயோட்டாக்காரன் உள்ள நுழைஞ்ச வாசல் அதுதான். ஆனாலும் 1992ல அக்கார்ட முந்தி டாரஸ் நம்பர் 1 ஆச்சு, அந்த வருஷம் மட்டும் 4 லட்சம் கார்.

இங்க ஒரு விஷயத்த கவனிங்க. அந்த நம்பர் 1 முழுக்க வீட்டுக்கு வாங்குன ஜனங்களால மட்டும் வந்ததில்ல. ரெண்டல் கம்பெனிகளுக்கு மொத்தமா வண்டி போச்சு, ஹெர்ட்ஸ்ங்கற பெரிய ரெண்டல் கம்பெனியே அப்ப ஃபோர்ட் கைலதான் இருந்துச்சு. ரெண்டலுக்கு வித்தா கணக்குல எண்ணிக்கை ஏறும், ஆனா கொஞ்ச நாள்ல அதே வண்டி எல்லாம் பழைய கார் மார்க்கெட்டுக்கு வந்து கொட்டும், உடனே ரீசேல் விலை விழும், ரீசேல் விழுந்தா காசு குடுத்து புதுசு வாங்குன குடும்பம் அடுத்த தடவ அக்கார்ட் வாங்க போயிரும். வட்டிக்கு வாங்கி விருந்து வச்ச கதைதான்.

[திரையில: 1996 டாரஸ், பின்பக்க கண்ணாடி]

அடுத்து 1996 மாடல். இத கொஞ்சம் நிறுத்தி பாருங்க. பின்கண்ணாடி ஓவல். ஹெட்லைட் ஓவல். உள்ள ரேடியோவும் ஏசியும் சேத்து ஒரே பெரிய ஓவல் பேனல்ல. ஃபோர்ட் லோகோ ஓவல், அதனால காரே ஓவல். தைரியமான டிசைன்தான், நான் மறுக்கல, அதுல வேலை செஞ்ச இன்ஜினியர்களும் உயிர குடுத்து உழைச்சாங்க, டொயோட்டாவோட கேம்ரி செடான பிரிச்சு வச்சு அதுக்கு ஈடா செய்யணும்னு தவம் இருந்தாங்க. ஆனா கூரை பின்னாடி சரிஞ்சதுல பின்சீட்டுல தலை இடிக்குது. ரேடியோவ மட்டும் கழட்டி வேற மாட்டலாம்னா அந்த ஓவல் விடாது. வெலையும் ஏறிப்போச்சு, அப்பறம் அவசர அவசரமா கொறஞ்ச வெலைல ஒரு மாடல் கொண்டு வர வேண்டியதாச்சு. பத்து வருஷம் முன்னாடி உருளைக்கிழங்குன்னு கிண்டல் பண்ண அந்த வடிவத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு, உக்காரறவனுக்கு எடம், பெட்ரோல் மிச்சம். இந்த ஓவலுக்கு அப்டி ஒரு காரணத்த வாங்க வந்தவங்களால கண்டுபிடிக்க முடியல.

அதே சமயம் டொயோட்டா 1997 கேம்ரிய செலவ கொறச்சு, வெலைய கொறச்சு, யாரும் திரும்பி பாக்காத சாதாரண வடிவத்துல விட்டுச்சு. அந்த வருஷமே கேம்ரி நம்பர் 1. டாரஸுக்கு அந்த எடம் திரும்ப கெடைக்கவே இல்ல.

சரி, எஸ்யூவி விஷயத்துக்கு வர்றேன். 1990ல ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் விட்டாங்க. இது எஸ்யூவி, அடியில ஃபோர்டோட ரேஞ்சர் பிக்கப் வண்டி ஃப்ரேம், மேல குடும்பம் உக்காரற பாடி, செய்யற செலவு கம்மி, விக்கிற வெலை ஜாஸ்தி, ஒவ்வொரு வண்டிக்கும் லாபம் செடான விட பல மடங்கு. பெட்ரோலும் அப்ப மலிவு. கம்பெனில காசும் நல்ல இன்ஜினியர்களும் எங்க போவாங்க? லாபம் வர்ற பக்கம்தான். இது வரைக்கும் எனக்கும் புரியுது.

ஆனா ஜனங்களுக்கு செடானே வேணாம்னு ஆயிருந்தா, 1997க்கு அப்பறம் 2001 தவிர வருஷா வருஷம் கேம்ரி எப்டி அமெரிக்காவோட நம்பர் 1 காரா இருந்துச்சு? அந்த ஒரு வருஷமும் முந்துனது அக்கார்ட்தான், அதுவும் செடான்தான். லட்சக்கணக்கான குடும்பம் அப்பவும் செடான் வாங்கிக்கிட்டுதான் இருந்தாங்க, டாரஸ் வாங்கல. ஏன்னா டாரஸ்ல வாங்கறதுக்கு புதுசா ஒண்ணும் இல்ல. 2000ல ஓவல கொஞ்சம் சரி பண்ணி ஒரு மாடல் விட்டாங்க, அதோட சரி. 1986ல வந்த 3 லிட்டர் வல்கன் இன்ஜின், கடைசி வரைக்கும் அதே குடும்ப இன்ஜின்தான், இருபது வருஷம். தண்ணி ஊத்தாம விட்ட செடி பட்டுப்போச்சுன்னா வெயில குத்தம் சொல்லக்கூடாது.

2006 அக்டோபர் 27, ஹேப்வில் ஃபேக்டரில இருந்து கடைசி டாரஸ் வெளிய வந்துச்சு. 1947ல தொறந்த ஃபேக்டரி, அதோட சேத்து மூடிட்டாங்க. அந்த கடைசி காரை வாங்கிட்டு போனவரு ட்ரூயட் கேத்தி, சிக்-ஃபில்-ஏ சிக்கன் கடைகளோட நிறுவனர். அவர் 1946ல முதல் முதலா தொறந்த சின்ன சாப்பாட்டு கடை அதே ஊர்தான், ஃபேக்டரி பக்கத்துல, ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற ஃபோர்ட் தொழிலாளிங்கதான் அவர் கடைய தூக்கி விட்டவங்க. பெரிய ஆளா ஆனப்பறமும் வந்து அந்த கடைசி வண்டிய எடுத்துட்டு போனாரு பாருங்க, அதுவரைக்கும் சுமார் 70 லட்சம் டாரஸ் வித்திருந்துச்சு, அவ்ளோ வித்த காருக்கு ஃபோர்ட் கம்பெனி பெருசா ஒரு வழியனுப்பு கூட வைக்கல. ஃபேக்டரி இருந்த எடத்துல இப்ப போர்ஷேவோட அமெரிக்க தலைமை ஆபீஸும் ஒரு டெஸ்ட் டிராக்கும் இருக்கு.

ஆனா அதே 2006 செப்டம்பர்ல ஃபோர்டுக்கு புது சி.இ.ஓ வந்திருந்தாரு, ஆலன் முலாலி, போயிங்ல இருந்து. 777 விமானத்த செய்யறப்ப, இவ்ளோ பேரை ஒரே டீமா எப்டி வேலை செய்ய வைக்கறதுன்னு கத்துக்க அவர் பாடமா எடுத்ததே டீம் டாரஸத்தான். அப்பேர்ப்பட்ட ஆளு ஃபோர்டுக்குள்ள வந்து பாத்தா டாரஸே இல்ல. கார் பேரெல்லாம் எஃப்ல ஆரம்பிக்கணும்னு ஃபியூஷன், ஃபோகஸ், ஃபைவ் ஹன்ட்ரட்னு வச்சுக்கிட்டு இருந்தாங்க. அவர் 2007 பிப்ரவரில ஃபைவ் ஹன்ட்ரட் காருக்கே டாரஸ்னு பேர மாத்த வச்சாரு. 2010ல புது வடிவம், டர்போ போட்ட எஸ்.ஹெச்.ஓ 365 குதிரைசக்தி, போலீஸ் வண்டியாவும் ஓடுச்சு. ஆனா அதுக்குள்ள நடுத்தர குடும்பத்து எடத்த ஃபியூஷன் புடிச்சிருச்சு, டாரஸ் அதுக்கு மேல பெருசா, கனமா, வெளிய அவ்ளோ பெருசா இருந்தும் உள்ள இடுக்கமா இருந்துச்சு.

2018 ஏப்ரல்ல ஃபோர்ட் அறிவிச்சாங்க, வட அமெரிக்காவுல செடான் வரிசை எல்லாம் நிறுத்தறோம்னு. 2019 மார்ச் 1ல சிகாகோ ஃபேக்டரில கடைசி அமெரிக்க டாரஸ் வந்துச்சு. அந்த ஃபேக்டரி இன்னைக்கும் ஓடுது, எக்ஸ்ப்ளோரர் செய்யறாங்க.

[திரையில: பாலைவன ஹைவே, வெள்ளை செடான்]

துபாய்லயும் ரியாத்லயும் இருந்து இத பாக்கறவங்க இப்ப கேப்பீங்க, இங்க புது டாரஸ் ரோட்ல ஓடுதேன்னு. ஓடுதுதான், 2020ல இருந்து வளைகுடா நாடுகள்ல டாரஸ்ங்கற பேர்ல விக்கறாங்க. அது சைனாவுல செஞ்சு கப்பல்ல வர்ற வண்டி, அடிப்படை ஃபோர்ட் மான்டியோ. கிட்டப்போய் நின்னு பாருங்க, முன்னாடி பெரிய கிரில் இருக்கும்.