ஒட்டுப் போட்ட துணியும் ஒரு போரும்

நடுவர் அவர்களே, வணக்கம். 1940-ல் ஜெர்மானிய விமானப்படையைத் தடுத்த பிரிட்டன் வான்போரில் பெரும் பாரம் சுமந்த பிரிட்டிஷ் போர்விமானம் ஸ்பிட்ஃபயரா, ஹரிக்கேனா என்று கேட்டிருக்கிறீர்கள். எதிரணி நண்பர் ஸ்பிட்ஃபயரின் வேகத்தையும் இறக்கை அழகையும் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போய்விட்டார். வேகம் உண்மைதான். எங்கள் ஹரிக்கேன் அதைவிட மெதுவானது. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கும் வேகத்தில் ஈடுகொடுக்காது. சரி, அப்புறம் அதை ஏன் நம்பினார்கள்?

அதன் பின்னுடலைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே போர்த்தியது லினன் துணி. அதை வடிவமைத்த சிட்னி கேம் பழைய இரட்டை இறக்கை விமானங்களின் கட்டுமானத்தையே கொண்டுவந்து அதில் மெர்லின் எஞ்சினையும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளையும் பூட்டினார். 1935 நவம்பர் 6-ல் முதல் பறப்பு. பழைய முறை என்று ஏளனம் செய்யாதீர்கள். குண்டு துணியைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். சட்டம் தப்பியிருந்தால் போதும். தரைப்பணியாளர் கிழிசல் மேல் துணித்துண்டை ஒட்டி, துணியை இறுக்கும் டோப் என்ற பூச்சைப் பூசி, காயவிட்டு, மறுபடி அனுப்பிவிடுவார். ஸ்பிட்ஃபயரின் உலோகத் தோலோ தானே பாரம் தாங்குவது. அது கிழிந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற கைகள் வேண்டும், நேரமும் வேண்டும். அந்தக் கோடையில் இல்லாததே நேரம்தானே!

அன்று ஸ்பிட்ஃபயர் படைப்பிரிவுகள் 19. எங்களுடையவை 30-ஐ ஒட்டி. பிரிட்டிஷ் போர்விமானங்கள் வீழ்த்தியவற்றில் பாதிக்கு மேல் ஹரிக்கேன் கணக்கு.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். விமானிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் தொட்டி. தீப்பிடித்தால் முகமும் கையும் வெந்துபோகும். ஆகஸ்ட் 16-ல் ஹரிக்கேன் விமானி ஜேம்ஸ் நிக்கல்சனுக்கு அதுதான் நடந்தது. கண்ணிலும் காலிலும் காயம், எரிகிற விமானம். குதிக்க எழுந்தவர் எதிரில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 110-ஐப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்து சுட்டார், அதன் பிறகே குதித்தார். அந்தப் போர் முழுவதிலும் பிரிட்டனின் போர்விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டுக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ், அந்நாட்டின் மிக உயரிய வீர விருது, அவருடையது.

தலைப்பைத் தாண்டி ஒரே ஒரு வார்த்தை, நடுவர் அவர்களே. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைமேல் வந்தபோது இலங்கையில் ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை. அங்கே சீனன்குடா விமானத் தளத்திலிருந்து எழும்பியவை ஹரிக்கேன்கள். அவற்றில் பல திரும்பவில்லை.