வடக்கு எந்தப் பக்கம்?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்தில், புதுப் பள்ளிக் கட்டடம் பற்றிய பெற்றோர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

வீடு கட்டினால் வாசக்கால் எந்தப் பக்கம் என்று நாலு பேரைக் கேட்கிறோம். பேரப்பிள்ளை படிக்கும் வகுப்பறையின் சன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று யாராவது கேட்டோமா?

நான் பாடம் நடத்திய ஒரு பள்ளியில் சன்னல்கள் மேற்கே பார்த்தவை. மதிய மணி அடித்ததும் சன்னலோரப் பிள்ளைகள் மேசையைச் சத்தமில்லாமல் உள்ளே நகர்த்துவார்கள். வெயில் ஓரடி வந்தால் மேசை ஓரடி போகும். கரும்பலகையில் நான் எழுதியது பாதிப் பேருக்கு வெறும் பளபளப்புத்தான். அந்தக் கட்டடத்துக்குப் படம் வரைந்தவர் கெட்டவரில்லை. சரிவில் கட்டடத்தைச் சுலபமாக உட்கார வைத்தார், அவ்வளவே.

நம் பாட்டன் ஊரில் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாயும். இங்கே, பூமியின் தென்பாதியில், வடக்கே. டர்பனில் ஜூன் மாத நடுப்பகலில் அது 37 பாகை உயரத்தில்தான் நிற்கும். டிசம்பரில் 84, கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர். அதனால் சன்னலை வடக்கே வைத்து, மேலே அகலமான தாழ்வாரம் இறக்கினால் போதும். கோடை வெயில் தாழ்வாரத்திலேயே நின்றுவிடும், குளிர்கால வெயில் உள்ளே வந்து பிள்ளைகளின் காலைச் சூடாக்கும். தெற்கிலும் சன்னல் இருந்தால் காற்று குறுக்கே ஓடும். கரண்ட் போன நாளில் இதன் அருமை தெரியும். மேற்குச் சுவரா? அங்கே கழிப்பறையையும் சாமான் அறையையும் தள்ளுங்கள்.

இனவாரியாக மக்களைத் தனித்தனிப் பகுதிகளில் பிரித்து வைத்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், நம்மை டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து போட்டது. அதற்கு முன் நம்மவர் பல இடங்களில் காசு சேர்த்து, மரமும் தகரமுமாகப் பள்ளி கட்டினார்கள். தகரத்தைப் புகழ வரவில்லை. மழை பெய்தால் வாத்தியார் வாயசைப்பதுதான் தெரியும். ஆனால் கட்டியவர்களுக்குத் தங்கள் தெரு தெரியும்.

தெரு என்றதும் வாசல் ஞாபகம் வருகிறது. பள்ளி விடும் நேரத்தில் ஆயாக்களும் தாத்தாக்களும் குடையோடு சரிவில் நிற்கிறார்கள், பக்கத்திலேயே டாக்சி உரசிக்கொண்டு போகிறது. வேலியை நாலடி உள்ளே தள்ளி, ஒரு திண்ணையும் கூரையும் போட்டால் என்ன குறைந்துவிடும்? ‘திண்ணை’ என்று சொன்னால் படத்தில் அதற்குக் குறியீடு இல்லை என்பார்கள். நாம் கேட்போம்.

புதுக் கட்டடத்தின் படம் அந்த மேசையில் இருக்கிறது. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் வந்து பாருங்கள். வடக்கைக் குறிக்க ஒரு சிவப்புப் பென்சிலும் வைத்திருக்கிறேன்.