வளைபாதம்: மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் வீட்டு வேலை ஆரம்பம்

[காட்சி: பாயில் படுத்திருக்கும் பச்சிளங்குழந்தையின் கால்கள், மேலிருந்து. வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருக்கிறது.]

வணக்கம். குழந்தை பிறந்ததும் பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே ஏறி, உள்ளங்கால் அடுத்த காலைப் பார்த்தபடி இருந்தால் அதை வளைபாதம் என்கிறோம். ஆஸ்பத்திரிச் சீட்டில் கிளப்ஃபுட் என்று எழுதியிருப்பார்கள். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். இவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும்.

இது சரியாகிற விஷயம். ஓடுவார்கள், பள்ளிக்கூடத்தில் கபடி ஆடுவார்கள், ஏற்காட்டில் ஏறி இறங்குவார்கள். ஆனால் சேலத்துப் பக்கம் இயன்முறை மருத்துவம் பார்க்கிற எனக்கு ஒரு கவலை உண்டு. மாவுக்கட்டுக்கு வாராவாரம் தவறாமல் வந்த குடும்பங்கள், கால் நேரானதும் "அப்பாடா, முடிஞ்சுது" என்று ஓய்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு போட வேண்டிய பிரேஸ், அதாவது கம்பியால் இணைத்த ஷூ ஜோடி, பரண்மேல் போய்விடுகிறது. கால் மறுபடி திரும்புவதற்கு முதல் காரணம் அதுதான். அதனால் இந்த வீடியோவில் பாதிக்கு மேல் பிரேஸைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அதற்கு முன்னால், குழந்தையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை. நீங்கள் கிரகணத்தன்று வெளியே போனதால் இது வரவில்லை. காலை மடக்கி உட்கார்ந்ததாலோ, பப்பாளி தின்றதாலோ, யாருடைய கண் பட்டதாலோ வரவில்லை. மரபணுக்களுக்கு இதில் பங்கு உண்டு. மற்றபடி, பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. பேச வருகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டியது வீட்டில் இருக்கிற மற்றவர்கள், முக்கியமாக அப்பா.

[காட்சி: நான்கு பாதங்களின் வரைபடம், ஒவ்வொன்றாக ஒளிர்கிறது.]

சரி, வகைகளுக்கு வருவோம். எந்த வகை என்று தெரிந்தால்தான் டாக்டர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரியும்.

முதலாவது, வயிற்றுக்குள் இடநெருக்கடியில் மடங்கிக் கிடந்த கால். பார்க்க வளைபாதம் மாதிரி இருந்தாலும் விரலால் மெதுவாகத் தள்ளினால் நேராக வந்துவிடும். எலும்பிலும், தசையை எலும்போடு இணைக்கிற தசைநாணிலும் கோளாறு இருக்காது. டாக்டர் பயிற்சி சொல்லிக்கொடுப்பார், பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும். "எங்க அப்பாயி எண்ணெய் போட்டு உருவியே என் காலைச் சரி பண்ணிட்டாங்க" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டாவதுதான் உண்மையான பிறவி வளைபாதம். வேறு எந்த நோயும் இல்லாத, நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கு வருவது. நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இதுதான். இதில் நான்கு கோளாறுகள் சேர்ந்திருக்கும்: உள்ளங்கால் வளைவு ஆழமாகிவிடும், பாதத்தின் முன்பகுதி உள்ளே திரும்பும், குதிகால் உள்பக்கம் சாயும், கணுக்கால் கீழ்நோக்கி இறுகிவிடும். கையால் தள்ளினால் நேராகாது. இதை எண்ணெய் போட்டு உருவிச் சரிசெய்ய முடியாது. உருவிக்கொண்டே இரண்டு மூன்று மாதம் காத்திருந்தால் நல்ல காலம் கைநழுவிவிடும்.

மூன்றாவது, வேறொரு நோயோடு சேர்ந்து வருவது. முதுகுத்தண்டு சரியாக மூடாத குழந்தைகள், பிறக்கும்போதே பல மூட்டுகள் இறுகியிருக்கும் குழந்தைகள் இந்த வகை. கால் விறைப்பாக இருக்கும், மாவுக்கட்டு அதிகம் தேவைப்படும், திரும்ப வளைகிற வாய்ப்பும் அதிகம். அதனால்தான் காலைக் காட்டப் போனாலும் டாக்டர் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகையும், தொடையை விரித்து இடுப்பு மூட்டையும் பார்ப்பார். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

நான்காவது வகையைப் பலர் கவனிப்பதில்லை. பாதம் குட்டையாக, உருண்டு திரண்டு இருக்கும். குதிகாலுக்கு மேலேயும் உள்ளங்காலின் குறுக்கேயும் ஆழமான மடிப்பு விழுந்திருக்கும். கட்டைவிரல் குட்டையாகி மேல்நோக்கி நிற்கும். சில குழந்தைகளுக்கு, மாவுக்கட்டு நழுவி நழுவி இறங்கியதாலேயே கால் இப்படி ஆகிவிடுவதும் உண்டு. இதற்குக் கட்டுப் போடும் முறையே வேறு, பிரேஸின் கோணமும் வேறு. அடுத்த வீட்டுக் குழந்தையின் பிரேஸை வாங்கி மாட்டக்கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சில குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் இருக்கும்போது செய்ய ஒன்றும் இல்லை. பிறந்ததும் யாரிடம் காட்டுவது என்று விசாரித்து வைத்துக்கொண்டால் போதும்.

[காட்சி: தொடைவரை மாவுக்கட்டு போட்ட கால். விரல் நுனிகள் தெரிகின்றன.]

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று உலகம் முழுக்கச் செய்வது பொன்செட்டி முறை. இக்னாசியோ பொன்செட்டி 1914-இல் ஸ்பெயினின் மெனோர்கா தீவில் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்த முறையை உருவாக்கினார். அவர் பிறந்த ஜூன் 3 உலக வளைபாத நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாகத் திருப்பி, விரலிலிருந்து தொடைவரை மாவுக்கட்டு. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டில் பாதம் வெளியே திரும்பிவிடும். குதிகால் மட்டும் இறங்காமல் நிற்கும். பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகளுக்குக் குதிகாலின் பின்னால் ஒரு சின்னக் கீறல் போட்டு, இறுகிய தசைநாணை வெட்டிவிடுவார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டே செய்துவிடலாம். பிறகு மூன்று வாரம் கடைசிக் கட்டு. அதற்குள் தசைநாண் நீளமாக வளர்ந்து சேர்ந்துகொள்ளும்.

கட்டு போட்டிருக்கும் நாட்களில் விரல்களைப் பாருங்கள். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவக்க வேண்டும். நீலம் பாய்ந்தாலோ, நேற்று தெரிந்த விரல் இன்று கட்டுக்குள் போய்விட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

[காட்சி: இரண்டு சின்ன ஷூக்கள், நடுவில் கம்பி.]

இதுதான் பிரேஸ். இரண்டு ஷூவையும் ஒரு கம்பி இணைக்கிறது. கம்பியின் நீளம் குழந்தையின் தோள் அகலம் இருக்கும். வளைந்திருந்த பாதம் அறுபது முதல் எழுபது டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். நல்ல கால் என்றால் முப்பது முதல் நாற்பது டிகிரி. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அதிகம் கிடைக்கும் ஸ்டீன்பீக் பிரேஸ், உள்ளூரில் கிடைக்கும் பொருளை வைத்தே செய்ய முடிகிற மாதிரி உகாண்டாவில் உருவாக்கப்பட்டது.

"ஒரு கால்தானே கோணல், நல்ல காலுக்கு எதுக்கு ஷூ?" என்று எல்லோரும் கேட்பார்கள். மாட்டு வண்டியின் நுகத்தடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் அது நிலையாக நிற்காது. இந்தக் காலை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வது, கம்பியின் அடுத்த முனையில் இருக்கும் அந்த நல்ல கால்தான்.

கணக்கு இதுதான். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம். மீதி ஒரு மணி நேரம் குளிக்கவும் காலை நீட்டி விளையாடவும். அதற்கப்புறம் இரவுத் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 14 மணி நேரம், குழந்தைக்கு நான்கு அல்லது ஐந்து வயது ஆகும்வரை. பகலில் சாதாரணச் செருப்புப் போட்டு நடக்கும், ஓடும். ஐந்து வருடமா என்று மலைக்க வேண்டாம். கஷ்டமெல்லாம் முதல் சில நாள்தான்.

அந்த முதல் நாட்களைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். குழந்தை அழும், இரவில் அதிகம் அழும். பெரும்பாலும் அது வலி இல்லை. இவ்வளவு நாள் தனித்தனியாக உதைத்த கால்கள் திடீரென்று சேர்ந்துகொண்டதால் வருகிற கோபம். இரண்டு காலையும் சேர்த்து உதைக்கலாம் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கம்பியை நடுவில் பிடித்து, மெதுவாக முன்னே தள்ளி முழங்காலை மடக்குங்கள், பின்னே இழுத்து நீட்டுங்கள். "ஏஞ்சாமி, வண்டி ஓட்டலாமா" என்று பாட்டுப் பாடிக்கொண்டே ஒரு நாளைக்குப் பல முறை செய்யுங்கள். சூட்சுமம் பிடிபட்டதும் அதுவே இரண்டு காலையும் தூக்கித் தொப்பென்று போடும். அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாக இருங்கள்.

[காட்சி: ஒரு கை ஷூவை மாட்டுகிறது. மிக அருகில்.]

மாட்டும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. மெல்லிய பருத்தி சாக்ஸ், ஷூவின் விளிம்புக்கு மேலே வரும் நீளத்தில். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுங்கள். அதிகம் வளைந்திருந்த காலை முதலில் மாட்டுங்கள், அப்போதுதான் குழந்தை உதைக்காமல் இருக்கும்போதே கவனமாகப் பொருத்த முடியும். முழங்காலை மடக்கிப் பிடித்து, குதிகால் ஷூவின் அடியைத் தொடும்வரை இறக்குங்கள். கணுக்காலுக்கு முன்னால் வருகிற ஸ்ட்ராப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, அதை முதலில் இறுக்குங்கள். கயிறு எல்லாம் அதற்கப்புறம். பிறகு காலைப் பிடித்து முன்னும் பின்னும் லேசாக இழுத்துப் பாருங்கள். குதிகால் நகர்ந்தால் மறுபடி மாட்டுங்கள். முதல் நாள் சரியாகப் பொருந்தியதும், கட்டைவிரல் எதுவரை வருகிறது என்று ஷூவின் உள்ளடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அடுத்த நாள் அரைத்தூக்கத்தில் மாட்டும்போது அந்தக் கோடு உங்களுக்கு உதவும்.

குதிகாலின் பின்புறம் சிவந்தோ கொப்புளித்தோ இருந்தால் தாய்மனது உடனே ஸ்ட்ராப்பைத் தளர்த்தச் சொல்லும். தயவுசெய்து தளர்த்தாதீர்கள். பெரும்பாலும் ஷூ தளர்வாக இருந்து, குதிகால் மேலும் கீழும் உரசியதால் வந்த கொப்புளம்தான் அது. இறுக்கமாக, அசையாமல் இருந்தால் உரசாது. மூன்று வாரக் கட்டுக்குள் இருந்த தோல் மென்மையாக இருக்கும், அதனால் முதல் இரண்டு மூன்று நாள் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். சிவந்த இடத்தில் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவ வேண்டாம், தோல் இளகி இன்னும் மோசமாகும். எண்ணெய்க் குளியல் போட்டாலும் கால் பாதத்தை நன்றாகத் துடைத்த பிறகுதான் சாக்ஸ்.

நம் ஊர் விஷயம் ஒன்று. சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர். குழந்தைக்குக் கொலுசு போடாமல் எந்த மாமா வீடும் இருக்காது. ஆனால் ஷூவுக்குள் கொலுசு அழுத்தினால் புண்ணாகும். கணுக்காலில் கட்டும் கருப்புக் கயிறும் அப்படித்தான். கயிற்றை இடுப்பிலோ கையிலோ கட்டிக்கொள்ளுங்கள், கொலுசு பிரேஸ் இல்லாத நேரத்துக்கு இருக்கட்டும்.

தூளிப் பிரச்சினையும் உண்டு. பழைய சேலைத் தூளி இரண்டு பக்கமும் சேர்ந்து சுருங்குவதால் கம்பி அதில் சிக்கிக்கொள்கிறது. என் யோசனை, கெட்டியான பாய் விரிப்பில் மல்லாந்து படுக்கவையுங்கள். தூளி இல்லாமல் தூங்காது என்றால் மடியில் ஆட்டித் தூங்கவைத்துவிட்டுப் பாயில் போடுங்கள். பால் கொடுக்கும்போது குழந்தையின் கால்களை உங்கள் கைக்கு அடியில் பக்கவாட்டில் விட்டால் கம்பி வயிற்றில் இடிக்காது. கம்பியின்மேல் ஸ்பாஞ்சோ பழைய துணியோ சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி உங்கள் முகவாயில்தான் விழும். துணி மாற்ற பிரேஸைக் கழற்ற வேண்டியதில்லை, கம்பியைப் பிடித்தாலே இரண்டு காலும் தூக்கிவரும்.

சித்திரை வெயிலில் சேலத்தில் கால் வியர்த்து சாக்ஸ் நனைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்றுங்கள், பவுடரைக் கொட்டாதீர்கள். ஏற்காட்டுப் பக்கம் நேர்மாறு. மழையும் பனிமூட்டமுமாக இருந்தால் துவைத்த சாக்ஸ் காயவே காயாது. ஈர சாக்ஸைப் போட்டுவிடுவதைவிட ஐந்தாறு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது மேல்.

இன்னொன்று, ஆடி மாதம். கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாளிகள். "பாவம், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு கண்ணு" என்று ஆளுக்கு ஒரு முறை சொல்வார்கள். அழுதால் கழற்றுவார்கள் என்று குழந்தை ஒரு முறை கற்றுக்கொண்டால், அடுத்த வாரம் முழுக்க அழும். படுக்கிற நேரம் என்றால் ஷூ என்பது பல் தேய்ப்பது போன்ற வழக்கமாகிவிட வேண்டும். ஒன்றரை வயதில் தானே ஷூவை எடுத்துக்கொண்டு வந்து நீட்டுகிற குழந்தைகள் உண்டு.

[காட்சி: தரையில் குந்தி உட்கார முயலும் சிறுவன். ஒரு குதிகால் தரையைத் தொடவில்லை.]

எப்போது உஷாராக வேண்டும்? சரியாக மாட்டியும் குதிகால் ஷூவிலிருந்து திரும்பத் திரும்ப வெளியே வருகிறது. பாதம் முன்பு போல மேலே மடங்கவில்லை. நடக்கும்போது முன்பாதம் உள்ளே திரும்புகிறது, அல்லது குந்தி உட்கார்ந்தால் குதிகால் தரையில் படவில்லை. இதில் எது இருந்தாலும் கால் திரும்ப ஆரம்பித்திருக்கலாம். சீக்கிரம் போனால் மறுபடி சில மாவுக்கட்டோடு சரியாகும். சிலருக்கு மூன்று வயதுக்கு அப்புறம் தசைநாணை இடம் மாற்றும் ஆபரேஷன் தேவைப்படும். விரல்கள் ஷூவின் முன்விளிம்பைத் தாண்டி மடங்கினால் அது வேறு, பெரிய அளவு ஷூ வாங்க வேண்டிய நேரம். கெண்டைக்கால் கொஞ்சம் மெலிந்தும் பாதம் சற்றுச் சின்னதாகவும் இருப்பது இந்தக் கோளாறின் இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வளைபாதம், 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதில் சிகிச்சை இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ காட்டினால் வழி சொல்வார்கள். நேராகப் போவதென்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர்கள் கிளம்பும்போது பிரேஸையும் கையோடு கொண்டுவாருங்கள். காலை மட்டும் பார்த்தால் போதாது. கம்பியின் திருகு தளர்ந்திருக்கிறதா, கோணம் மாறியிருக்கிறதா, ஷூ இன்னும் பொருந்துகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். கொப்புளமோ, குதிகால் வெளியே வருவதோ இருந்தால் சீட்டில் போட்ட தேதிவரை காத்திருக்காமல் முன்னாலேயே வந்துவிடுங்கள்.