அம்மாவின் கைக்கு என்ன நிறம்?

(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இளம் ஓவியர்களுக்கான பட்டறையில் ஆற்றிய உரை)

தம்பி தங்கைகளே, வந்திருக்கும் அம்மாமாரே, வணக்கம்.

பெஸ்டல் பெட்டியில் 'தோல் நிறம்' என்று ஒரு குச்சி இருக்கும். வெளிர் ரோஜா நிறம். அதை வைத்துத்தான் நம் பிள்ளைகள் அம்மாவை வரைகிறார்கள். தேயிலை விளம்பரங்கள் பலவற்றிலும் கொழுந்தெடுக்கும் பெண் வெளுத்த முகத்தோடுதான் சிரிக்கிறாள். வெயிலிலும் மழையிலும் மலையேறுகிற நம் அம்மாவை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார்.

அதனால்தான் இன்று ஓவியர் அம்ரிதா ஷேர்கில் பற்றிப் பேச வந்தேன். 1913இல் புடாபெஸ்டில் பிறந்தவர். அப்பா பஞ்சாபிச் சீக்கியர், அம்மா ஹங்கேரியர். பாரிஸில் ஓவியம் படித்தார். பழுப்புத் தோலை ஐரோப்பா வேடிக்கை பார்த்த காலம் அது. 1934இல் அவர் தன்னையே பசிபிக் கடலின் தாஹித்தித் தீவுப் பெண்ணாக வரைந்தார். வேடிக்கை பார்க்கப்படுகிறவளின் இடத்தில் தானே போய் நின்றார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் இந்தியா திரும்பி, அஜந்தா சுவரோவியங்களைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்தார். 1937இல் பிரம்மச்சாரிகளையும் சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தாரையும் வரைந்தார். வெள்ளை வேட்டிக்குப் பக்கத்தில் அந்தக் கருந்தோல் எத்தனை கம்பீரமாக இருக்கிறது! 1941இல், 28 வயதில், இறந்துபோனார்.

அதே தெற்கிலிருந்துதான் நம் பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள், பிறகு தேயிலைக்கு. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. வெள்ளைக்காரன் காலத்துத் தபால் அட்டைகளில் நம் பாட்டிமார் நிற்கிறார்கள். கீழே 'தமிழ்க் கூலி' என்று அச்சடித்திருக்கும், பெயர் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, வேலைக்கு வருவோம். அம்மாவின் கையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை ஏறி, வெடிப்புகளில் கறுத்து நிற்கும். புறங்கை செம்பழுப்பு, உள்ளங்கை அதைவிட வெளிறல். இதற்குக் கறுப்பு வர்ணத்தைக் கலந்தால் தோல் செத்துப்போகும். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வர்ணத்தோடு அல்ட்ராமரின் என்ற அடர் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், உயிருள்ள கருமை வரும். மினுங்கும் இடத்தில் வெறும் வெள்ளையை அப்பாதீர்கள். பனிமூட்ட நாளில் நம் மேல் விழும் வெளிச்சம் நீலம் கலந்த சாம்பல். அதையே மெல்லத் தொட்டு வையுங்கள்.

பக்கத்து அறையில் தாளும் வர்ணமும் இருக்கின்றன. அம்மாமார் தயவுசெய்து பிள்ளைகளுக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்து கொடுங்கள். பிள்ளைகளே, வரைந்து முடித்ததும் படத்தின் கீழே அம்மாவின் முழுப் பெயரையும் எழுதுங்கள்.