காலை நீட்டுங்கள்

பெரிய வியாழன் ஆராதனைக்கு வந்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். இன்னும் சற்று நேரத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் வந்து உட்காருவார்கள், ஆயர் அவர்கள் கால்களைக் கழுவுவார். எனக்குத் தெரிந்து அந்தப் பன்னிரண்டு பேருமே வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் இரண்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு தடவையும் அதைத்தான் செய்தேன். சிரிக்காதீர்கள். உங்களில் யார் அழுக்குக் காலோடு வருவீர்கள்?

யோவான் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீஷர்களுக்குக் கழுவினது புழுதிக் கால். யூதாசின் காலும் அதில் ஒன்று. வேலைக்காரர்கள் செய்கிற வேலை அது. ஆண்டவர் எழுந்து, "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" உட்கார்ந்துவிட்டார்.

தாழ்மை என்றதும் நமக்கு வாய்தான் முந்திக்கொள்கிறது. "நான் தூசி, ஒன்றுக்கும் உதவாதவன்" என்று ஜெபத்தில் உருகுவோம். அதையே இன்னொருவர் நம்மைப் பார்த்துச் சொல்லட்டும், சபைக் கமிட்டி அன்றைக்கே இரண்டாகிவிடும். சரி, அது கிடக்கட்டும். நான் கால்களைப் பற்றிப் பேச வந்தேன்.

கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்று ஒரு மிஷனரி இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே நரம்புச் சிலந்தி என்கிற புழு நோய் அதிகம். காலில் புண்ணாகி, அதிலிருந்து புழு தலைகாட்டும். இழுத்தால் அறுந்துவிடும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள்கணக்கில் பொறுமையாக எடுக்க வேண்டும். அதை அவர் செய்தார். 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். 1914இல் அதே மலையில் பிறந்த அவருடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து சேர்ந்தவர், தகப்பன் விட்ட இடத்திலேயே, கால் பக்கமே, போய் உட்கார்ந்தார்.

தொழுநோயில் சதை தானாக அழுகி விழுகிறது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நினைத்திருந்தார்கள். கிட்டப்போய்ப் பார்த்தவருக்கு வேறு விஷயம் தெரிந்தது. நோய் நரம்பைக் கெடுக்கிறது, வலி போய்விடுகிறது. செருப்பில் ஆணி ஏறியிருந்தாலும் அதன்மேலேயே நடக்கிறார்கள். புண் பெரிதாகிக் கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாகிறது. அப்படியானால் அறுவை சிகிச்சை மட்டும் போதாது, நல்ல செருப்பும் வேண்டும். கை அறுவை சிகிச்சையில் உலகப் பெயர் வாங்கிய மனிதர், எந்த ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும் என்று செருப்புக்கு அலைந்தார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அந்த மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தது.

அப்புறம் ஒரு சிக்கல். பலர் அதைப் போட மறுத்தார்கள். அந்தச் செருப்போடு கடைத்தெருவில் நடந்தாலே இன்ன நோய் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! இலவசமாகக் கொடுத்தும் போடமாட்டேன் என்கிறார்களே என்று கோபப்படுவது சுலபம். ஆனால் பிறகு, செருப்புத் தைக்கிறவர்கள் மற்றவர்கள் போடுகிற மாதிரியே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. நாமோ நாலு பேருக்குத் தையல் மிஷின் கொடுத்தால், வாங்குகிறவர் முகத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டுகிறோம்.

1966இல் பிராண்ட் அமெரிக்கா போனார். மரத்துப்போன காலைப் பற்றி இங்கே கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவியது. எனக்கும் உதவுகிறது. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம், இரண்டு பாதமும் மரத்துவிட்டன. வெளியே கழற்றி வைத்திருப்பது எம்.சி.ஆர். செருப்புதான். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொன்னார் டாக்டர். எனக்குக் குனிய முடியாது, தொப்பை விடாது.

போன மாதம் ஒருநாள் மருமகள் ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "வேண்டாம்மா, நீ போய் வேலையைப் பாரு" என்றேன். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு கத்தினதையே நான் மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான். அவள் போகவில்லை. முழங்கையைத் தண்ணீரில் விட்டுச் சூடு பார்த்தாள். "காலை நீட்டுங்க மாமா" என்றாள்.

இடது குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.