குற்றவாளி மேலே, பழி கீழே: சிவப்பியின் ஆயில் கசிவு

வணக்கம், வணக்கம். இன்றைக்கு என் குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் கார் சிவப்பிக்கு அடியில் விரித்திருக்கும் இந்த அட்டையைப் பாருங்கள். கேமராவை இன்னும் கிட்டக் கொண்டுபோகிறேன். என்ன தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை அல்லவா? அதைக் காட்டத்தான் வந்தேன். இந்த வருடம் முழுக்க என் வீடியோக்களில் கறுப்பு வட்டங்களோடு கிடந்த அதே இடத்தில் இப்போது வெறும் அட்டை.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பி 1992 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை ஜப்பானில் அந்தப் பெயரில்தான் விற்றார்கள், அமெரிக்காவில் மியாட்டா என்றார்கள். எல்லாம் ஹிரோஷிமாவில் செய்தவைதான். 1.6 லிட்டர் எஞ்சின், தலை நிமிர்த்தும் முன்விளக்குகள், ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்கு இறக்குமதியாகி வந்தவள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

பிரச்சினை என்னவென்றால், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எந்தக் கராஜ் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். காரை உயர்த்தினார்கள், கீழேயிருந்து டார்ச் அடித்தார்கள், "ரியர் மெயின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும், 780 பவுண்" என்றார்கள். ரியர் மெயின் சீல் என்றால் எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம். பானட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! கூடவே ஓர் இலவச உபதேசம்: "பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒழுகத்தான் செய்யும்." உலகத்தில் எனக்குப் பிடிக்காத வாக்கியங்களில் இதற்கே முதலிடம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் இதே கட்சிதான். அவரிடம் எம்ஜிபி என்ற பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. "கீழே ஆயில் இல்லையென்றால் உள்ளேயும் ஆயில் இல்லை என்று அர்த்தம்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தக் காலத்து ஆங்கிலேய எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. தண்டில் வெட்டிய சுருள் பள்ளம் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், அவ்வளவுதான் பாதுகாப்பு. நிறுத்தி வைத்தால் ஒழுகாமல் என்ன செய்யும்? ஆனால் மாஸ்டாக்காரர்கள் 1989-இல் சிகாகோ கண்காட்சியில் இந்தக் காரைக் காட்டியபோது, அந்த ஆங்கிலேயக் கார்களின் சுகம் இருக்க வேண்டும், நோய்கள் இருக்கக் கூடாது என்பதுதானே பேச்சு! சிவப்பி ஒழுகினால் அது விதியில்லை. ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒரு ரப்பர் செத்திருக்கிறது.

ஆயில் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், நனைந்த இடங்களில் மிக உயரமானதையும் மிக முன்னால் இருப்பதையும் தேடுங்கள். முதலில் எஞ்சினைக் கழுவினேன். பிரேக் கிளீனரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். பிறகு ஆயிலில் ஒளிரும் சாயம் ஒரு சிறு குப்பி ஊற்றி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த மஞ்சள் கண்ணாடியோடு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பெல் ஹவுசிங்கில் பச்சை மஞ்சளாகக் கோடு தெரிந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் எஞ்சின் பிளாக்கின் முதுகு, அதற்கு மேலே சிலிண்டர் ஹெட்டின் முதுகு, அங்கே கேம் ஆங்கிள் சென்சார். அதற்கு மேலே உலர்ந்திருக்கிறது!

அட, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாயம் ஊற்றுவதற்கு முன்பே ஆயில் ஃபில்டர் பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். இந்தக் காரில் ஃபில்டர், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கழற்றும்போது அரைக் கோப்பை ஆயிலாவது கொட்டாமல் வராது. அந்த மிச்சம் நாள்கணக்கில் சொட்டி உங்களை ஏமாற்றும். பக்கத்திலேயே ஆயில் பிரஷர் சென்சாரும் இருக்கிறது, அதுவும் கசியக்கூடியதுதான். என்னுடையது உலர்ந்திருந்தது.

சரி, சென்சாருக்கு வருவோம். இது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் பின்முனையில் செருகி, எஞ்சின் எந்த நிலையில் சுழல்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஓ-ரிங் என்ற ஒரே ஒரு ரப்பர் வளையம்தான் அங்கே ஆயிலைத் தடுக்கிறது. இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கரங்களால் ஓடும் மாஸ்டா 323-இலிருந்து வந்தது. அதில் எஞ்சின் குறுக்காக இருக்கும், அந்த முனைக்குக் கை எளிதாக எட்டும். இங்கே எஞ்சினை நீளவாக்கில் திருப்பியதும் அந்த முனை, எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சுவரான ஃபயர்வாலில் போய் ஒட்டிக்கொண்டது. மேலே இக்னிஷன் காயில், சுற்றிலும் ஹீட்டர் குழாய்கள். சூடும் அதிகம், காற்றும் இல்லை. முப்பது வருடம் அங்கே கிடந்தால் எந்த ரப்பரும் பிழைக்காது.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட், 12 மில்லிமீட்டர். அந்த ஒரு போல்ட்! அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. செல்போனை உள்ளே விட்டுப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வலது கையை விட்டால் முழங்கை காயிலில் இடிக்கிறது. இடது கையை விட்டால் ஸ்பானர் திரும்ப இடமில்லை. சாக்கெட் போட்டால் ராட்செட்டின் தலை ஃபயர்வாலில் முட்டுகிறது. நீளமான ஸ்பானரில் பலம் உண்டு, இடம் இல்லை. குட்டை ஸ்பானரில் இடம் உண்டு, பலம் இல்லை. பானட் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, இந்தச் சென்சாரை இங்கே வைத்தவரின் பரம்பரையையே விசாரித்தேன். அந்தப் பகுதியை வெட்டிவிட்டேன், குழந்தைகளும் பார்க்கிறார்கள். கடைசியில் காயிலை அவிழ்த்து ஓரமாகச் சாய்த்துவிட்டு, தலை வளையும் ராட்செட் ஸ்பானரைக் கொடுத்தேன். டக்! அந்தச் சத்தத்தை மட்டும் திரும்பப் போடுகிறேன், கேளுங்கள். டக்! இன்னொரு தடவை. போதும், போதும்.

போல்ட்டை அவிழ்ப்பதற்கு முன்பு, கட்டாயம், சென்சாரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறிவிடும். அதற்கும் முன்பு பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பானட்டுக்குள் தேடாதீர்கள், இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது.

பழைய ஓ-ரிங் வெளியே வந்தது. இது வட்டமாக, உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர். தட்டையாகிச் சதுரமாகிவிட்டது. நகத்தால் நெம்பினேன், கண்ணாடி வளையல் மாதிரி உடைந்தது. புதியதற்குச் சாதாரண ரப்பர் வேண்டாம், வெப்பம் தாங்கும் விட்டான் ரகத்தை வாங்குங்கள். விலை 2 பவுண் 40 பென்ஸ். தபால் கட்டணம் 3 பவுண் 95! மோதிரத்தை விட டப்பாவுக்கு விலை அதிகம். என் சுண்டுவிரல் அளவுப் பொருளை, ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுப் பெட்டியில் காகிதம் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு கடித உறையில் போட்டு ஒரு தபால்தலை ஒட்டினால் வராதா? கடைக்காரருக்கு எழுதினேன், பதில் இல்லை. எப்படியானாலும் 6 பவுண் 35 எங்கே, 780 பவுண் எங்கே? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய ஓ-ரிங்கில் ஆயில் தடவி, சென்சாரைக் கேம் ஷாஃப்டின் பள்ளத்தில் பொருந்தும்வரை மெதுவாகத் திருப்பி அழுத்தினேன். கோட்டுக்குக் கோடு வைத்து இறுக்கினேன். பிறகு டைமிங் விளக்கு வைத்துச் சோதித்தேன். டயக்னாசிஸ் பெட்டியில் இரண்டு துளைகளைக் கம்பியால் இணைத்து, நிமிடத்துக்கு 850 சுற்றில், தீப்பொறி பிஸ்டனின் உச்சப்புள்ளிக்கு 10 டிகிரி முன்பு விழுந்தால் சரி. இருந்தது.

கையோடு எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் பட்டையான வால்வு கவர் காஸ்கெட்டையும் மாற்றினேன், ஏனென்றால் ஸ்பார்க் பிளக் குழிகளில் ஒன்றில் ஆயில் தேங்கியிருந்தது. இங்கே சிலிக்கான் சீலன்ட் பசையை அப்பிவைக்கும் மகானுபாவர்களுக்கு ஒரு வார்த்தை. சீலன்ட் தேவைப்படுவது காஸ்கெட் வளைந்து ஏறும் மூலைகளில் மட்டும்தான், அதுவும் ஒவ்வொரு பொட்டு. எனக்கு முந்தைய உரிமையாளர் சுற்றிலும் கேக்குக்குக் கிரீம் வைப்பதாக நினைத்துவிட்டார். அந்தச் சிலிக்கான் உள்பக்கம் பிய்ந்து விழுந்தால் ஆயில் பம்ப் வடிகட்டியில் போய்த்தான் அடைக்கும். போல்ட்டுகளும் சிறியவை. 5 முதல் 9 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்க வேண்டும், கீழே இருப்பது அலுமினியம்.

இன்னொன்று, பிசிவி வால்வு. எஞ்சினுக்குள் சேரும் அழுத்தத்தை வெளியே விடுவது அதுதான். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். என்னுடையது ஊமை. அது அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அங்கே ஆயிலை வெளியே தள்ளும். ஓ-ரிங்கை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டிருந்தால் அடுத்த சீல் அழுதிருக்கும். கசிவை நிறுத்தும் மருந்து என்று கடையில் குப்பி விற்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்கிறீர்கள். உடைந்துபோன ரப்பரை எந்த மருந்தும் ஒட்டாது. வாங்காதீர்கள்.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் எம்.ஓ.டி., இங்கிலாந்தில் வருடாவருடம் கார்களுக்கு நடக்கும் தகுதிச் சோதனை. 2018 மே முதல் விதி கடுமையாகிவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக ஆயில் தேங்கினால் தேர்ச்சி கிடையாது. சிவப்பி அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் போகும்வரை காத்திருப்பானேன்?

ரியர் மெயின் சீல் நிரபராதியா என்றால், இன்றுவரை அந்தப் பக்கம் உலர்ந்தே இருக்கிறது. எப்போதாவது கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறங்கும்போது அதையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்காகவே இறக்குவது வீண் செலவு. முன்பக்கக் கேம் சீல்களும் கிராங்க் சீலும் டைமிங் பெல்ட்டோடு சேர்த்து மாற்றப்போகிறேன், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும், நெருங்கிவிட்டது. அந்தச் சீல்களைக் கம்பெனியிலேயே வாங்குவதா, வெளிக்கடையிலா என்று அனுபவமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள். தபால் கட்டணத்தையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பியை விற்கும் எண்ணம் உண்டா என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம்.