ஊரைச் சொல்லும் ஆங்கிலம்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலத்தில் ஒருவரோடு அறிமுகமான சில நிமிடங்களிலேயே 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. 'எந்த ஊர்?' என்று நாம் வினைச்சொல்லே இல்லாமல் கேட்பதைத்தான் அவரும் கேட்கிறார். ஆனால் ஆங்கிலத்தில் விடை சொல்ல வினைச்சொல் வேண்டியிருப்பதால், சறுக்கல் அங்கேதான் நேர்கிறது.

நம்மில் பலர் 'ஐ ஆம் கமிங் ஃப்ரம்' என்று தொடங்கி ஊர்ப்பெயரைச் சொல்கிறோம். தமிழில் 'வருகிறேன்' என்ற ஒரே சொல், வழக்கமாக வருவதையும் இப்போது வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலமோ இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 'ஐ கம் ஃப்ரம்' என்பதில் உள்ள சாதாரண நிகழ்காலம், சூரியன் கிழக்கில் உதிக்கிறது என்பது போன்ற மாறாத உண்மைகளுக்கு உரியது. சொந்த ஊரும் அந்த வகையில்தான் சேரும். 'கமிங்' என்று சொன்னால், நீங்கள் வழியில் இருக்கிறீர்கள் என்றோ, பெட்டியோடு இப்போதுதான் வந்து இறங்கினீர்கள் என்றோ கேட்பவர் எண்ணக்கூடும். ஊரைவிட்டு வந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தாலும், அந்த 'கம்' என்பது 'கேம்' என்ற இறந்தகாலமாக ஆகிவிடாது.

இத்தனை யோசனையும் வேண்டாம் என்பவர்களுக்கு 'ஐம் ஃப்ரம்' போதும். என் விருப்பமும் அதுவே. 'ஐ ஹெயில் ஃப்ரம்' மேடைக்குப் பொருந்தும், சாதாரணப் பேச்சில் சற்று விறைப்பாக ஒலிக்கும். 'ஐ பிலாங் டு' என்பது பெரும்பாலும் உடைமையையோ உறுப்பினராக இருப்பதையோ குறிப்பதால், ஊர்ப்பெயருக்கு முன்னால் அதைத் தவிர்ப்பது நல்லது. இப்போது வசிக்கும் இடம் வேறென்றால், 'பட் ஐ லிவ் இன்' என்று தொடர்ந்து அதையும் சொல்லிவிடலாம்.

கேட்பவர் அறியாத சிற்றூர் என்றால் திசை சொல்ல நேரும். பிரான்சின் தெற்கில் மார்செய் இருக்கிறது, பிரான்சுக்குத் தெற்கே ஸ்பெயின் இருக்கிறது என்று நாம் வேற்றுமை உருபால் காட்டும் வேறுபாட்டை, ஆங்கிலம் முன்னதற்கு 'இன் த சவுத் ஆஃப்', பின்னதற்கு 'டு த சவுத் ஆஃப்' என்று முன்னிடைச்சொல்லால் காட்டுகிறது. இதை மாற்றிச் சொன்னால் உங்கள் ஊர் எல்லை தாண்டிவிடும்.

வானொலி என்பதால் ஒலிப்பையும் சொல்லிவிடுகிறேன். கேள்வியின் இறுதியில் நிற்கும் 'ஃப்ரம்' முழு உயிரொலியோடு தெளிவாக ஒலிக்கும். விடையின் நடுவில் வரும்போது அதே சொல்லின் உயிரொலி தேய்ந்து, அழுத்தம் முழுவதும் ஊர்ப்பெயருக்குப் போய்விடும்.